பரணில் கிடக்கும் பாட்டியின் பெயர்: குடும்ப வரலாற்றைப் பிள்ளைகளோடு தேடி எழுதும் முறை

குடும்ப வரலாறு எழுதப்போகிறோம் என்று நோட்டும் பேனாவுமாகத் தாத்தா முன்னால் உட்கார்ந்தால் பேச்சு இரண்டு வரிக்கு மேல் நகராது. "நமக்குப் பூர்வீகமே விவசாயம்தான்ப்பா. கஷ்டப்பட்டுத்தான் மேல வந்தோம்." அதே தாத்தாவின் கையில் பரணிலிருந்து இறக்கிய ஒரு பித்தளைச் செம்பைக் கொடுங்கள். யார் வீட்டுச் சீர், எந்த ஊர்ப் பாத்திரக் கடை, எந்த வருஷம் அடகுக்குப் போனது, எந்த அத்தையின் காசில் மீண்டது என்று மதியச் சாப்பாடு வரை போகும்.

ஆகவே நேராகக் கேள்வி கேட்காமல் ஒரு பொருளை நடுவில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவதே இங்கே சொல்லும் எல்லா வழிக்கும் அடிப்படை. அதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இனிஷியல், பட்டா, குலதெய்வக் கோயில் வரி எல்லாம் அப்பா வழியை மட்டுமே காப்பாற்றி வைத்திருக்கும். பாத்திரமும் மொய் நோட்டும்தான் அம்மா வழியைக் காட்டிக்கொடுக்கும்.

பொங்கல், கோயில் கொடை, காதுகுத்து என்று மூன்று தலைமுறை இரண்டு நாள் ஒரே வீட்டில் தங்கும் சமயம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று, 2பி பென்சில் நான்கு, கோலமாவு ஒரு கிலோ, வெள்ளை நூல்கண்டு ஒன்று, மஞ்சள் நூல்கண்டு ஒன்று, சமையலறைத் தராசு, செல்போன். இவ்வளவு போதும். பேனா வேண்டாம்; முதல் நாள் எழுதியதில் பாதியை மறுநாள் இன்னொரு பெரியம்மா வந்து மாற்றுவார்.

நோட்டில் எழுதும் வேலையைப் பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும், கையெழுத்து தெளிவான ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். பெரியவர்கள் கேட்டால் "இப்ப எதுக்கு இதெல்லாம், சொத்துக்கு அடி போடுறானா?" என்று ஒரு சந்தேகம் வரும். பேத்தி கேட்டால் வராது.

பாத்திர வேட்டை

தமிழ் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாத்திரம் கைமாறும்போது கலந்துவிடாமல் இருக்கத்தான் வந்தது. இன்று அதுவே ஆவணம். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, பரண், சாமி அறை, சமையல்கட்டு, கொல்லைப்புறம் என்று இடம் ஒதுக்கி ஒரு மணி நேரம் கொடுங்கள். பெயர் உள்ள பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. நாற்பது வயதுக்குக் கீழே யாருக்கும் தெரியாத பெயர் என்றால் 3. வீட்டில் ஒருவருக்குமே தெரியாத பெயர் என்றால் 5. இந்த ஐந்து புள்ளிக்காகவே பிள்ளைகள் நெல் குதிருக்குப் பின்னால்வரை போவார்கள். பரணில் ஏற மட்டும் ஒரு பெரியவர் ஏணியைப் பிடிக்கட்டும்.

தேட வேண்டிய இடங்கள்: செம்பின் கழுத்துக்குக் கீழே, தவலையின் வெளி விளிம்பு, தாம்பாளத்தின் அடிப்பக்கம், கரண்டிக் காம்பு, எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை ஒட்டி. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருக்கும். அப்போது மறுபடி தேய்க்காதீர்கள். விபூதியை விரலால் பெயர்மேல் நன்றாகப் பூசி, உலர்ந்த துணியால் ஒரே ஒரு முறை லேசாகத் துடைத்தால் உளிப்பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அந்த நிலையில் படம் எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பாத்திரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வழி, ஆனால் தட்டையான இடத்தில்தான் சரிவரும்.

படித்ததை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் எழுத்து இருந்தால் அது பிறந்த வீட்டுச் சீர். கல்யாணத்துக்கு முன்போ கல்யாணத்தன்றோ வெட்டியது. கணவன் பெயரின் எழுத்து இருந்தால் பிற்பாடு வாங்கியது. தென்மாவட்டங்களில் ஊர், அப்பா என்று இரண்டு எழுத்து இருக்கும், எனவே முதல் எழுத்தைப் பார்த்ததும் தாத்தா பெயர் என்று முடிவுகட்டக் கூடாது. லை, னை, ணை ஆகியவை தும்பிக்கை போட்ட பழைய வடிவத்திலும், றா, னா, ணா ஆகியவை கால் தனியாகப் பிரியாமல் சுழித்தும் இருந்தால், 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய பழக்கம். வெட்டியவர் வயதானவராக இருந்தால் அதன் பிறகும் சில வருஷம் பழைய எழுத்தே போட்டிருப்பார். ஆகவே அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் தெரியாத அந்த ஐந்து புள்ளிப் பெயர் உண்மையாகவே அடுத்த வீட்டுப் பாத்திரமாக இருக்கலாம். எந்த விசேஷத்திலோ மாறி வந்து திரும்பாமல் போனது. "உறவு தெரியவில்லை" என்று எழுதிப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஊகித்து யாரோடும் ஒட்டிவிடாதீர்கள்.

மொய் நோட்டு

வீட்டில் எது தொலைந்தாலும் மொய் நோட்டு தொலையாது. திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கல்லவா. தாத்தா பாட்டி கல்யாண நோட்டு கிடைத்தால் அது அந்தக் காலத்துச் சொந்தபந்தக் கணக்கெடுப்பு: ஊர், பெயர், தொகை, சில நோட்டில் உறவுமுறையும்.

பக்கத்துக்கு இருபது முப்பது பெயர் இருக்கும். எல்லாவற்றையும் வாசித்தால் கூட்டம் கலைந்துவிடும். முதலில் மூன்று வகையை மட்டும் பாருங்கள். ஒன்று, முதல் பக்கத்தில் முதலில் எழுதப்பட்டவர்கள். தாய்மாமன் போன்ற நெருங்கிய முறைக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். இரண்டு, மற்றவர்கள் ஒன்றும் இரண்டும் வைத்த இடத்தில் ஐம்பத்தொன்று வைத்தவர்கள். மூன்று, ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேர். அந்த ஊரில்தான் யாரோ ஒரு கொள்ளுப்பாட்டி பிறந்திருப்பாள்.

பெயரை ஒரு பிள்ளை உரக்க வாசிக்கட்டும். முதலில் "யார்" என்று சொல்பவருக்கு ஒரு கடலைமிட்டாய். பாட்டிகள் இதில் தோற்கவே மாட்டார்கள். ஒருவர் பெயருக்கு இரண்டு பாட்டிகள் இரண்டு பதில் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் யார் என்றும் எழுதுங்கள். நடுவர் தீர்ப்பு வேண்டாம்.

மொய் நோட்டோடு பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் தேடுங்கள். "இன்னார் பேரனும் இன்னார் குமாரனும்" என்ற வரியிலும், கீழே தங்கள் நல்வரவை நாடும் பெயர் வரிசையிலும் மூன்று தலைமுறை அச்சில் இருக்கும். பழைய நோட்டுகளில் 1, 2 என்று இல்லாமல் க, உ என்று இருந்தால் அது தமிழ் எண். பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிடலாம்: க உ ங ச ரு சு எ அ கூ. இவை ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௨௰௪ என்றால் 1924. கூடவே ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. வழக்கமாகத் தடுமாறும் இடம், எழுத்தையும் எண்ணையும் குழப்பிக்கொள்வது. "அ" எட்டா, அருணாசலமா என்பது பக்கத்தில் ௹ இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

மாடியில் கொடிவழி

காகிதத்தில் குடும்ப மரம் வரைவது தமிழ்க் குடும்பத்துக்கு ஒத்துவராது. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டியிருப்பதால் கிளை திரும்பி வந்து அடிமரத்திலேயே ஒட்டும். மரமாக வரையத் தொடங்கினால் பந்தலில் படர்ந்த பூசணிக்கொடியில்தான் போய் முடியும். அந்தக் கொடிவழியை, அதாவது வம்சாவளியை, தரையில் ஆட்களை நிறுத்தி வரைவதுதான் சுலபம், வேடிக்கையும்கூட.

மொட்டை மாடி அல்லது வாசலில் இருபது அடிக்கு இருபது அடி இடம் போதும். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல், தரை சூடு ஆறிய பிறகு. கோலமாவால் நான்கு அடி இடைவெளியில் ஐந்து கோடுகள்; ஒரு கோடு ஒரு தலைமுறை. மேல் கோட்டில் தெரிந்ததில் மூத்த தம்பதி. உயிரோடு இல்லாதவர்கள் இடத்தில் அவர்கள் பெயர் வெட்டிய பாத்திரம், இல்லாவிட்டால் புகைப்படம். இருப்பவர்கள் தாங்களே போய் நிற்க வேண்டும். பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு வெள்ளை நூல். கணவன் மனைவிக்கு நடுவே மஞ்சள் நூல்.

ஐந்தாவது நிமிஷத்தில் சண்டை வரும். தாய்மாமனைக் கட்டிய அக்காள் மகள் எந்தக் கோட்டில் நிற்பது, மாமன் கோட்டிலா, தன் கோட்டிலா? பிறந்த கோட்டிலேயே நிற்கட்டும். மஞ்சள் நூல் சாய்வாகப் போகட்டும். கல்யாணத்துக்காக ஆளை மேல் கோட்டுக்கு ஏற்றினால் அவர் தங்கைகளும் பிள்ளைகளும் எந்தக் கோட்டில் நிற்பது என்று தெரியாமல் எல்லாம் சரிந்துவிடும். எல்லோரும் நின்றதும் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஒரு படம். நோட்டில் ஏற்றும்போது இந்தப் படம்தான் வழிகாட்டி.

ஏற்றும்போது பெயரை நம்பாமல் எண்ணை நம்புங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். ஒரே தாத்தா பெயரை நான்கு மகன்களும் தங்கள் மூத்த பிள்ளைக்கு வைத்திருந்தால், ஒரே வயதில் நான்கு சுப்பையா. ஆகவே மூத்த தம்பதிக்கு 1. அவர்கள் பிள்ளைகள் பிறந்த வரிசைப்படி 1.1, 1.2, 1.3. 1.2-இன் பிள்ளைகள் 1.2.1, 1.2.2. மணம் செய்து வந்தவருக்கு அந்த எண்ணோடு, துணை என்பதற்காக, "து" என்ற எழுத்து: 1.2து. சொந்தத்திலேயே கட்டியவருக்கு இரண்டு எண் வரும். இரண்டையும் எழுதுங்கள், அது பிழையல்ல. சிறுவயதிலேயே இறந்த குழந்தைகளுக்கும் எண் உண்டு. பின்னால் யாராவது நினைவுபடுத்தினால் வரிசை முழுவதும் தள்ளும் என்பதால் இதை முதலிலேயே, குரலைத் தாழ்த்தி, பாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை ஒரு விளையாட்டு. நூல்கள் அப்படியே கிடக்க, இரண்டு பேரைக் கூப்பிட்டு "இவங்க உனக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்பது. பதில் சொன்னால் போதாது, நூல்மேல் நடந்து காட்ட வேண்டும். அப்போதுதான் நம் உறவுச்சொற்கள் எவ்வளவு பேரை உள்ளே அடைக்கின்றன என்று பிள்ளைகளுக்குப் புரியும். அத்தை என்றால் அப்பாவோடு பிறந்தவள், மாமாவின் மனைவியும் அத்தைதான், மாமியாரும் அத்தைதான். சொந்தத்தில் கட்டிய வீட்டில் மூவரும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு. சித்தப்பா என்பவர் அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், சித்தியின் கணவராகவும் இருக்கலாம்.

கொடிவழியில் விழும் பிழைகளில் முக்கால்வாசி இந்தச் சொற்களால்தான். "எங்க அண்ணன் ரங்கூன்ல இருந்தார்" என்று பாட்டி சொன்னதும் அண்ணன் என்று எழுதிவிடக் கூடாது. "கூடப்பிறந்த அண்ணனா பாட்டி, பெரியப்பா மகனா, ஒன்றுவிட்டவரா?" என்று கேட்க வேண்டும். பங்காளி வீட்டில் பத்துப் பேர் அண்ணன்தான். அதனால் நோட்டில் உறவுச்சொல் எழுதாதீர்கள், "1.3-இன் மகன்" என்று எழுதுங்கள். அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, அப்பாயி, அம்மாயி, ஆத்தா என்று யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைத் தனியாக ஒரு பக்கத்தில் குறித்து வைத்தால், எந்த வட்டாரத்து மருமகள் எந்தச் சொல்லை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்பது பிற்பாடு தெரியும்.

வீட்டு வரைபடம்

ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பாட்டியிடம் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். "எனக்கு வரைய வராது" என்பார். நீங்கள் கோடு போடுங்கள், அவர் சொல்லட்டும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், தாழ்வாரம், அடுப்படி, கிணறு, மாட்டுத்தொழுவம். பிறகு ஒவ்வொரு இடமாக விரலை வைத்து மூன்றே கேள்வி: இங்கே ராத்திரி யார் படுப்பாங்க? இங்கே என்ன இருந்துச்சு? யார் இங்கே வரக் கூடாது?

முதல் கேள்வியில் வீட்டிலிருந்த ஆட்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள், கொடிவழியில் விட்டுப்போன விதவைப் பெரியத்தை, படிக்க வந்து தங்கிய மச்சினன் உட்பட. மூன்றாவது கேள்வியில் வருவதைக் கேட்கச் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். சாதி, தீட்டு, மாதவிலக்கு எல்லாம் வரும். வெட்டாமல் பதிவு செய்யுங்கள்.

பதிவுக்கு: செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், நேரில் உறுத்தாத அந்தச் சத்தம் பதிவில் பேச்சை விழுங்கும். குக்கர் விசில், டிவி, வாசலில் காய்கறி வண்டி எல்லாம் பார்த்து நேரம் குறியுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். நாற்பது நிமிஷத்துக்குமேல் வேண்டாம். தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர் பெயர், அவர் கொடிவழி எண் இவற்றைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல விஷயம் ஒன்பதில் வரும். இடையில் திருத்துகிற மாமாவை அந்த நேரம் கடைக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்குத் தனியாக ஒரு நாள்.

வருஷத்தைப் பிடிப்பது

"எந்த வருஷம்?" என்றால் பதில் வராது. "தனுஷ்கோடிப் புயலப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? பெரியவன் கைப்பிள்ளையா, நடந்தானா?" என்றால் வரும். அது 1964 டிசம்பர் 22-23 இரவு. அப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: காவிரி வெள்ளம் 1924, ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர், காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30, நாகப்பட்டினம் புயல் 1952, அரியலூர் ரயில் விபத்து 1956 நவம்பர், அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1, அண்ணா மறைவு 1969 பிப்ரவரி 3, மட்டக்களப்புப் புயல் 1978 நவம்பர், எம்.ஜி.ஆர் மறைவு 1987 டிசம்பர் 24. ஊருக்கென்று உள்ள நிகழ்வுகளையும் சேருங்கள்: கரண்டு வந்த வருஷம், கோயில் கும்பாபிஷேகம், முதல் பஸ்.

ஜாதகம் இருந்தால் இன்னும் துல்லியம். அதில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். அறுபது வருஷப் பட்டியலில் அதன் வரிசை எண்ணைப் பார்த்து, அதோடு 1866 அல்லது 1926 கூட்டுங்கள். ரக்தாட்சி 58-ஆவது; 1924 அல்லது 1984. பாட்டியின் ஜாதகம் என்றால் எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொள்ளுத்தாத்தா விஷயத்தில் அறுபது வருஷம் தவறிப்போக வாய்ப்பு உண்டு. பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் சறுக்கும் இன்னொரு இடம், வருஷம் சித்திரையில் பிறப்பது. ரக்தாட்சி ஐப்பசி 1924 அக்டோபர்-நவம்பர். ரக்தாட்சி மாசியோ 1925 பிப்ரவரி-மார்ச். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய ஓலையிலும் பத்திரத்திலும் கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆவணியில் தொடங்குவதால், ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ம், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ம் கூட்ட வேண்டும்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். தலையைச் சுற்றிக் காதைத் தொடவைத்துச் சேர்த்துக்கொண்ட காலத்தில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது அது. ஒரே வீட்டில் நான்கு பேருக்கும் ஜூன் மாதப் பிறந்தநாள் என்றால் காரணம் புரிந்திருக்கும். இரண்டு தேதியையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

பத்திரப் பெட்டி

இங்கே வேடிக்கை குறைவு, விஷயம் அதிகம். பத்திரங்களில் முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். பங்கு பிரித்த அண்ணன் தம்பி எல்லோரும் தகப்பன் பெயரோடு அதில் இருப்பார்கள். பெண்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தான். பெண்களைத் தேட வேண்டிய இடம் விடுதலைப் பத்திரம். "எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை" என்று எழுதிக்கொடுத்த அக்கா தங்கைகள் கணவர் பெயர், ஊர் சகிதமாக அங்கே வரிசையாக நிற்பார்கள், பெரும்பாலும் கைநாட்டோடு.

பத்திரமே கையில் இல்லாவிட்டால் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று பார்க்கலாம். எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர், தேதி, ஆவண எண் கிடைக்கும். அதைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு. நகரத்தார் வீடுகளுக்கு இளையாற்றங்குடி, மாத்தூர் முதலிய ஒன்பது நகரக் கோயில்களின் புள்ளிக் கணக்கு, அதாவது மணமானவர்களின் குடும்பக் கணக்கு. மற்றவர்களுக்குக் குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு. அதைப் பார்க்கப் பூசாரியிடம் போகாதீர்கள், வரி வசூலிக்கும் பங்காளியிடம் போங்கள். கப்பலில் மலேயா, சிங்கப்பூர் போனவர்கள் வீட்டில் "ரஜூலா" என்ற பெயர் அடிபட்டால் அது நாகப்பட்டினம், சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன கப்பல். 1926-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மொரீஷியஸ் வழி என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன.

படங்கள்

சுவரில் மாட்டிய பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னலோரத்தில், நேர் வெயில் படாமல், ப்ளாஷ் இல்லாமல், செல்போனுக்குப் பின்னால், உங்கள் பக்கம், ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து எடுத்தால் பிரதிபலிப்பு குறையும். ஒட்டும் பசை போட்ட ஆல்பங்களில் படம் மஞ்சளாகும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் (டென்டல் ப்ளாஸ்) படத்துக்குக் கீழே நுழைத்து ரம்பம்போல மெதுவாக இழுத்துக் கழற்றலாம். லேமினேட் செய்வது படத்துக்குக் கொள்ளி வைப்பது. ஸ்கேன் செய்தால் சிறிய படங்களுக்கு 600 டிபிஐ. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் எடுங்கள், ஊரும் ஏறத்தாழக் காலமும் அதிலிருந்து கிடைக்கும். பின்னால் எழுதுவதானால் 2பி பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் முன்பக்கம் புடைத்துத் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துதான் போகும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஒரு நாளைக்கு ஒரே படம், "இதுல இடதுபக்கம் நிக்கிறது யாரு?" என்ற ஒரே கேள்வி. பத்துப் படத்தை ஒன்றாகக் கொட்டினால் பத்துக் கும்பிடு எமோஜிதான் வரும்.

கைப்பக்குவம்

குழம்பும் குடும்ப வரலாறுதான், ஆனால் "கைக்கு வந்தபடி" என்பதை எழுத முடியாது. பாட்டி சமைக்கும் முன் ஒவ்வொரு டப்பாவையும் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். சமைத்த பின் மறுபடி. வித்தியாசம்தான் அளவு. அவரை நிறுத்தி நிறுத்தி அளக்கச் சொன்னால் அளவும் மாறும், மனநிலையும் மாறும். அவர் உழக்கு, ஆழாக்கு என்று சொன்னால் அந்தப் பாத்திரத்தையே எடுத்துத் தண்ணீர் ஊற்றி மில்லியில் அளந்து எழுதுங்கள். ஒரு ஊர்ப் படி இன்னொரு ஊரில் செல்லாது. யாரிடம் கற்றது என்று கேட்டு அவருடைய கொடிவழி எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள்: "மாமியாரிடமிருந்து" என்று இருந்தால் அப்பா வழி, "எங்க அம்மா" என்றால் வேறு ஊர்.

எழுதக் கூடாதது

தோண்டினால் இரண்டாம் தாரம், ஓடிப்போன கல்யாணம், சுவீகாரம், பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளி எல்லாம் வரும். நோட்டில் எழுதலாம், அச்சில் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரோ அவர் பிள்ளைகளோ சம்மதிக்க வேண்டும். சுவீகாரம் போன பிள்ளையைக் கொடிவழியில் இரண்டு இடத்திலும் காட்டுங்கள். இரண்டாம் தாரத்தின் பிள்ளைகளைத் தவிர்ப்பது மட்டும் கூடாது. பெயர், எண், இடம் மூன்றும் மற்றவர்களைப் போலவே. உயிரோடு இருப்பவர்களுக்குப் பிறந்த வருஷம் போதும். முழுத் தேதி, சர்வே எண், ஆதார் நகல் எதுவும் புத்தகத்தில் வேண்டாம்.

புத்தகம்

ஏ5 அளவில் 24 பக்கம் போதுமானது. நடுவில் பின் அடிப்பதால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 22 பக்கம் எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் இரண்டு வெற்றுப் பக்கம் சேர்ப்பார். எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல், படிக்கப்போவது தாத்தாக்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். கோப்பை அப்படியே கொடுத்தால் கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் திறந்து பாட்டி பெயர் கிறுக்கலாகிவிடும். நடுப்பக்கம் இரண்டிலும் கொடிவழி. அது விரியும் இடம் அது ஒன்றுதான். மாடியில் எடுத்த படம் பின் அட்டையில்.

ஒரு பிரதியைப் பெண் கொடுத்த ஊருக்கும், இன்னொன்றைப் பெண் எடுத்த ஊருக்கும் கட்டாயம் அனுப்புங்கள். மற்றவற்றை அடுத்த விசேஷத்தில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் போட்டுவிடலாம். கடைசி நான்கு பக்கத்தைக் கோடு போட்டு வெறுமையாக விடுங்கள்.

பை வீடு போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு போன் வரும். "ஏன்ப்பா, எங்க வீட்டுக்காரர் அக்கா பேரையே விட்டுட்டீங்களே, நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?" சமாதானம் சொல்லி வைத்துவிடாதீர்கள். "அத்தை, ஒரு நிமிஷம், பென்சில் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.